முப்பது சென்டிமீட்டர்

நூக் நகரின் கிழக்கு ஓரத்தில்
பாறையை வெடிவைத்துச் சமப்படுத்திய மேட்டில்
நாற்பத்தெட்டு வீடுகள் கேட்டார்கள்.
மே மாதம். பனி கறுத்துப்போய்
ரோட்டோரம் மட்டும் குவிந்து கிடந்தது.

என் வரைபடம் அழகு, நானே சொல்கிறேன்.
படுக்கையிலிருந்து பார்த்தால் மலை,
பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தால் கடல்.
வந்தவர்கள் காபி குடித்தார்கள், தலையாட்டினார்கள்,
கேக் தீர்ந்ததும் போய்விட்டார்கள்.
பஸ் ஓட்டுகிற மாலெராக் மட்டும்
மேலங்கியை மாட்டிய பின்னும் போகாமல்
தாளின்மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"கடல்நாயை எங்கே போட்டு அறுப்பது?"

அவன் விரல் சமையலறையைச் சுற்றிவந்தது,
கூடத்தைத் தாண்டியது,
குளியலறையில் போய் நின்றது.
"இங்கேதானா? மறுபடியும்?"

பழைய அடுக்ககத்தில் இங்கேதான்.
தொட்டியில் அறுத்தார்கள்.
கொழுப்பு குழாயில் உறைந்தது.
கீழ்வீட்டில் ஒருத்தி பல் துலக்க நின்றபோது
மேல்வீட்டு ரத்தம் அவள் தொட்டிக்குள் ஏறிவந்தது.
புகார்ப் புத்தகத்தில் எழுதினார்கள்:
குடியிருப்போர் பழக்கவழக்கம் சரியில்லை.
குழாயின் விட்டம் சரியில்லை என்று
யாரும் எழுதவில்லை.

நானும் இந்த ஊர்க்காரிதான்.
என் ஃப்ரீசரிலும் இறைச்சி இருக்கிறது,
அண்ணன் வெட்டிப் பையில் போட்டுக் கொடுப்பது.
எங்கே வெட்டினாய் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவு ஒவ்வொரு மாடிப்படிக்குக் கீழேயும்
ஒரு குளிர் அறை வரைந்தேன்.
நடுவை நோக்கிச் சரியும் தரை,
கை நுழையும் அகலத்தில் வடிகால்,
கூரையில் கொக்கி.
கதவு ஒரு மீட்டர் இருபது.
வாசல் கதவையும் அதே அளவுக்கு அகட்டினேன்:
சறுக்குவண்டி நுழையும், குழந்தை வண்டி நுழையும்,
ஒருநாள் சவப்பெட்டியும் சாய்க்காமல் வெளியேறும்.

பணக் கணக்குப் பார்க்கும் தோர்கில்
பதினேழாம் வரியில் பேனாவை வைத்தார்.
"இந்த அறைக்கு யார் வாடகை தருவார்கள்?"
என்னிடம் பதில் இல்லை. சுவர்கள் இருந்தன.
எல்லாப் படுக்கையறையிலும்
ஒரு சுவரை முப்பது சென்டிமீட்டர் உள்ளே தள்ளினேன்.
நீளம் மூன்றேகால் மீட்டர்,
படிக்கட்டுக்குப் பன்னிரண்டு வீடு,
பெருக்கிப் பாருங்கள், ஓர் அறை வரும்.
மொத்தம் மாறவில்லை.
தோர்கில் கையெழுத்துப் போட்டார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
சுவரைத் திருடிச் சித்திரம் வரைந்தவள் நான்.

குடிவந்து இரண்டு குளிர்காலம் கழித்துப் போனேன்.
முதல் அறையில் மாலெராக்,
முழங்கை வரை சிவப்பு, ரேடியோ பாடுகிறது.
அடுத்ததில் ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்யும் மாரிவிக்
கொடி கட்டி மீன் காயப்போட்டிருந்தாள்.
உப்பு தூக்கல். செபு தீவுக் கணக்காம்.
மூன்றாவதில் பிரித்துப்போட்ட பனி பைக்,
சுற்றிலும் நான்கு பையன்கள்,
ஆளுக்கொரு அபிப்பிராயம்.
நான்காவது பூட்டியிருந்தது.
சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை,
யாரும் தேடவும் இல்லை.

அலுவலகத்தில் ஒரு கடிதம் காத்திருந்தது.
எழுதியவர் ஆர்னாங்குவாக், மூன்றாம் மாடி:
அலமாரிக் கதவு பாதிதான் திறக்கிறது.
கட்டில் இடிக்கிறது.
தினமும் காலையில் முழங்காலில் அடி.
இதை அளந்தது யார்?

நான்தான் அளந்தேன்.
உங்கள் முப்பது சென்டிமீட்டர் கீழே இருக்கிறது,
எந்நேரமும் போகலாம்,
கொஞ்சம் வாடையடிக்கும், பழகிவிடும்
என்று பதில் எழுதி
உறையில் முகவரி எழுதும்போதுதான் பார்த்தேன்:
நான்காம் படிக்கட்டு.

கடிதத்தைக் கிழித்தேன்.
பூட்டுத் திறப்பவருக்குப் போன் செய்தேன்,
பிறகு தச்சருக்கு.
தச்சர் மார்ச் வரை வர மாட்டாராம்.

மேற்கே இன்னொரு பாறையை வெடிக்கிறார்கள்.
மேஜையில் புதுத் தாள்.
மலையையும் கடலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.
முதலில் ஓர் அலமாரிக் கதவை வரைகிறேன்,
முழுதாகத் திறந்தபடி.